கேள்வி கேக்கச் சொன்னேன், கேட்டுட்டா. இப்ப என்ன செய்ய?

பெகு சயாமா (பர்மியத்துல டீச்சரம்மா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகுப் பக்கம் ஒரு கோயில்ல லீவு நாள் தமிழ் வகுப்பு எடுக்குறேன், 11 வருஷமா. இந்த வருஷம் 14 பிள்ளைங்க. 11 வயசுலேர்ந்து 15 வரைக்கும் ஒரே பாயில உக்காந்திருக்கும். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சாகணும், அதுக்கு மேல தகரக் கூரை நம்மள வறுத்துடும்.

ஆத்திசூடி, குறள், எழுத்து எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசி முக்கால் மணி நேரம் "நம்ம கதை"ன்னு ஒண்ணு. நம்ம ஆளுங்க எப்ப வந்தாங்க, எப்படி இருந்தாங்க, அதெல்லாம். போன வருஷம் வரைக்கும் நான் சொல்லுவேன், அதுங்க எழுதிக்கும். எழுதுனதை அடுத்த வாரம் கண்ணை மூடிட்டு ஒப்பிக்கும். ஒப்பிக்கிறதுல நம்ம பிள்ளைங்களை அடிச்சுக்க முடியாது. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல மொத்த வகுப்பும் ஒரே ராகத்துல கத்துறது ரோட்டுல போறப்பவே கேக்குமே, அந்தப் பழக்கம். 2017லேர்ந்து புதுப் பாடப் புத்தகம் வந்துச்சு, படமும் கேள்வியும் நிறைய இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணு அந்தக் கேள்விக்கும் சேர்த்து பதிலை மனப்பாடம் பண்ணிட்டுப் போவா.

இந்த வருஷம் கேள்வி வழியா நடத்திப் பாப்போம்னு துணிஞ்சேன். போர்டுல கேள்விய எழுதி வெச்சேன்: "செட்டியார்கள் பர்மாவுக்கு என்ன நன்மை செய்தார்கள்?" 1852 சண்டைக்கப்புறம் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனது, டெல்டா முழுக்கக் காடும் சேறுமா கெடந்தது, 1869ல சூயஸ் கால்வாய் தொறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி போக ஆரம்பிச்சது, காட்டை வெட்டி உழுறவனுக்கு வெள்ளைக்கார பேங்கு கடன் குடுக்காது, செட்டிநாட்டுலேர்ந்து வந்தவங்க கிட்டங்கி (வட்டிக் கடை) போட்டுக் குடுத்தாங்க... நல்லாத்தான் சொன்னேன். சார்ட்டுகூட ஒட்டினேன். முடிச்சிட்டு "யாருக்காவது கேள்வி இருக்கா?"ன்னேன். ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் 13 வயசுப் பொண்ணு ஒண்ணு, எப்பவும் கடைசில சுவரோரம் உக்காருவா, கையத் தூக்கினா. "சயாமா, ஸ்கூல்ல வேற மாதிரி சொல்றாங்களே. சிட்டி கலா கடன் குடுத்து பமா ஆளுங்க நெலத்தையெல்லாம் புடிங்கிட்டான்னு. அப்ப நாம திருடங்களா?"

(சிட்டின்னா செட்டியார். கலான்னா நம்மள மாதிரி இந்திய வம்சத்து ஆளுங்களை ஏளனமாச் சொல்றது. பமான்னா பர்மாக்காரங்க.) எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "அது வேற விஷயம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்"னு மழுப்பிட்டேன். அவ கையக் கீழ போட்ட விதம் இருக்கே, அதுதான் ராத்திரி தூங்க விடல.

மறுநாள் அவங்கம்மா வந்துட்டாங்க. "வெளியில கலான்னு கேக்குறது பத்தாதா சயாமா? கோயிலுக்குள்ள வந்தும் கேக்கணுமா?" அவங்க கேட்டதுலயும் தப்பில்ல. கோயில் பெரியவர் ஒருத்தர் கூப்பிட்டு, "தேவாரம் சொல்லிக் குடும்மா, போதும். சரித்திரமெல்லாம் எதுக்கு?"ன்னுட்டார்.

விடவா, தொடரவா? தொடர்ந்தா அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்ல? "ஆமா"ன்னாலும் பொய், "இல்ல"ன்னாலும் பொய் மாதிரி இருக்கு.

---

ஓய்வு வாத்தியார், ரங்கூன்:

அம்மா, வணக்கம். 30 ஆண்டுக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன். மாணவன் கேள்வி கேட்டால் அது வாத்தியாருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று நினைத்த காலத்து ஆள் நான். கன்னடோ செய்து (விழுந்து வணங்கி), கை கட்டி, கேட்டதை எழுதிப் போவதுதான் நல்ல பிள்ளை. அதனால் 14 பேரில் ஒருத்தி கை தூக்கியதே உங்கள் வெற்றி என்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. நீங்கள் போர்டில் எழுதியது கேள்வி இல்லை. "என்ன நன்மை செய்தார்கள்" என்று எழுதும்போதே நன்மைதான் செய்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பள்ளிப் புத்தகம் "எப்படிப் பறித்தார்கள்" என்று கேட்கிறது. இரண்டும் ஒரே மாதிரிதான், திசைதான் வேறு. உண்மையான கேள்வியைக் கேட்டவள் அந்தப் பெண்.

அவளுக்கு நீங்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவே வேண்டாம். இரண்டு எண்ணை மட்டும் போர்டில் எழுதுங்கள். கீழ் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில், 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937இல் நூற்றுக்கு 25. எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு வார்த்தை பேசாதீர்கள். வாத்தியாருக்கு இதுதான் மிகக் கஷ்டம், எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. "ஏழு வருஷத்தில் என்ன நடந்தது?" என்று யாராவது ஒருவன் கேட்பான். அதற்கு முன் 50 வருஷத்துக்கு மேல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் 6 மட்டும் இருந்து, ஏழே வருஷத்தில் 25 ஆனது எப்படி என்று கேட்பான்.

என் பெட்டியில் ஒரு 90 சாட் நோட்டு இருக்கிறது. 1987இல் வந்தது. அதில் இருக்கும் முகம் சயா சான். 1930 டிசம்பரில் தராவடியில் விவசாயிகளைத் திரட்டிக் கலகம் செய்து, மறு வருஷம் நவம்பரில் தூக்கில் போடப்பட்டவர். பேரப் பிள்ளைகளிடம் அந்த நோட்டைக் கொடுத்தால் அவர்கள் முதலில் கேட்பது "ஏன் தாத்தா 90? 100 இல்லையா?" என்பதுதான். அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பதின் மேல் இருந்த பிரியத்தைச் சொல்வேன், சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் "சரி, இந்த ஆள் யார்? இவர் ஏன் நோட்டில்?" என்று வரும். நான் சரித்திரம் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. அந்த நோட்டு உங்களுக்கு வேண்டுமானால் பெகு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டும்!

---

சும்மா ஒருத்தன்:

இந்தக் காலத்துல இதெல்லாம் தேவையா? பிள்ளைங்க ரெண்டு வார்த்தை தமிழ் பேசுனா போதாதா. பெரியவர் சொன்னதுதான் சரி. வம்பை வெலைக்கு வாங்காதீங்க.

---

தாம்வே டீச்சர்:

சயாமாவுக்கு வணக்கம். நான் ஒரு தனியார் பள்ளியில சமூக அறிவியல் எடுக்குறேன், பர்மிய மொழியில. உங்க பதிவை ரெண்டு தடவ படிச்சேன், ஏன்னா எனக்கும் இதே அடி விழுந்திருக்கு.

பயிற்சி வகுப்புல "கேள்வி, சான்று, முடிவு"ன்னு அழகா மூணு கட்டம் போட்டுக் காட்டுவாங்க. யாரும் சொல்லாதது என்னன்னா, கேள்வி கேட்டே பழகாத பிள்ளைகிட்ட "கேள்வி இருக்கா?"ன்னா அது பரிட்சை மாதிரி பயந்துடும். நான் செய்யுறது இது: ஒரு படமோ, ரெண்டு வரியோ நடுவுல வெச்சு, ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். பேர் எழுதக் கூடாது. அஞ்சு நிமிஷத்துல மனசுல வர்ற கேள்விய எல்லாம் எழுதணும், பதில் எழுதக் கூடாது. அப்புறம் எல்லாத்தையும் கலந்து படிப்பேன். ஆமா இல்லன்னு முடியுற கேள்விய ஒரு பக்கம், ஏன் எப்படின்னு போறதை ஒரு பக்கம் பிள்ளைங்களே பிரிக்கும். "நாம திருடங்களா?"ங்கிறது ஆமா இல்ல கேள்வி. அதையே "நெலம் எப்படிக் கை மாறிச்சு?"ன்னு அதுங்களே திருப்பி எழுதுறப்ப பாருங்க, முகமே மாறும். கேள்விய மாத்தத் தெரியுறதே பாதி யோசனை.

இன்னொண்ணு, அந்த வாக்கியத்துல "திருடங்க"ங்கிறதை விட "நாம"தான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு. யாரு நாம? உங்க வகுப்புல செட்டியார் வீட்டுப் பிள்ளை எத்தனை பேர்? பெகுப் பக்கம் இருக்குறவங்க பெரும்பாலும் மேஸ்திரி கூட்டியாந்த வயக்காட்டுக் கூலிக்காரங்க குடும்பம்தானே. அதை வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

வாத்தியார் ஐயா சொன்ன எண்ணோட இன்னொண்ணும் சேருங்க. 1937ல அந்த 13 மாவட்டத்துல உழாதவங்க கையில இருந்த நெலம் மொத்தத்துல பாதிக்குப் பக்கம். அதுல பாதிதான் செட்டியார். மிச்சப் பாதி யாரு? நான் இதை என் வகுப்புல (எல்லாரும் பமா பிள்ளைங்க, நான் ஒருத்திதான் கலாமா) போட்டப்ப ரொம்ப நேரம் அமைதி. அப்புறம் ஒரு பையன், "எங்க பூட்டனுக்கும் நெறைய நெலம் இருந்துச்சாம் சயாமா"ன்னான். அவன் பெருமையா சொன்னானா, சங்கடமா சொன்னானான்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

---

வியாசர்பாடி பர்மாக்காரன்:

சென்னையிலேர்ந்து எழுதறேன். எங்க தாத்தா கிட்டங்கியில கணக்கு எழுதினவர், செட்டியார் இல்ல. 1964ல கப்பல்ல வந்தோம், அப்ப நான் அப்பா தோள்ல. அந்த மே மாசம் 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தாத்தா தலகாணி உறைக்குள்ள வெச்சிருந்ததுல பாதிக்கு மேல காகிதமாப் போச்சுன்னு பாட்டி சாகுற வரைக்கும் சொல்லும்.

தாத்தா சொன்னதைச் சொல்றேன், சயாமாவுக்கு உதவுதான்னு பாருங்க. செட்டியாருக்கு நெலம் வேணாம். நெலத்தை வெச்சிக்கினு என்ன பண்ணுவாரு, ஏர் ஓட்டுவாரா? பணம் திரும்பி வந்தாத்தான் அவருக்குத் தொழில். அவர் குடுத்ததும் முழுக்க அவர் காசு இல்ல. ஊர்ல பங்காளி, சம்பந்தி போட்ட டெபாசிட்டு, கொஞ்சம் பேங்கு கடன். ரங்கூன்ல முகல் தெரு கோயில்ல கூடி நடப்பு வட்டி இவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க, அதை வெச்சுத்தான் எல்லாக் கிட்டங்கியும். நெல்லு வெல விழுந்தப்ப உழுறவனாலயும் கட்ட முடியல, இவராலயும் மேல கட்ட முடியல. பணத்துக்குப் பதிலா நெலம் வந்து நின்னுச்சு. 1948ல நெலத்தைத் தேசிய உடைமை ஆக்குற சட்டம் வந்து அதுவும் போச்சு.

இதைச் சொல்லி முடிச்சிட்டு தாத்தா ஒண்ணு சேர்ப்பாரு: "ஆனா பேரேட்டுல நான் கோடு கிழிக்கிறப்ப எதிர்ல ஒருத்தன் குந்தினு இருப்பான்டா. செருப்பை வெளியிலயே விட்டுட்டு வருவான்." அதுக்கு மேல பேச மாட்டாரு. அதனால ரெண்டையும் சொல்லுங்க. நம்ம பக்கத்தை மட்டும் சொன்னா புள்ளைங்க கண்டுபுடிச்சிடும்.

---

பெகு சயாமா:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, நீங்க சொன்னது சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா சரி. பதிலை சார்ட்டுல எழுதி ஒட்டிட்டுத்தான் கேள்வி கேட்டிருக்கேன்.

"சும்மா ஒருத்தன்" அண்ணன், வம்புன்னு நானும் பயந்தேன். பெரியவர்கிட்ட போயி, "அவ ஏற்கெனவே ஸ்கூல்ல கேட்டுட்டுத்தான் வந்திருக்கா ஐயா. நாம வாயை மூடினா அதுதான் பதில்னு ஆயிடும்"னேன். அரை மனசா தலையாட்டினார், தேவாரம் முடிஞ்சப்புறம்தான்னு ஒரு நிபந்தனையோட.

ரெண்டு வாரம் நடந்ததைச் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

முதல் வாரம் 6, 25 ரெண்டையும் எழுதிட்டு வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஐயா, அது எவ்வளவு கஷ்டம்! ரெண்டு நிமிஷம் ரெண்டு மணி நேரம் மாதிரி. துண்டுக் காகிதம் குடுத்ததும் 40க்கு மேல கேள்வி வந்துச்சு. அதுல ஒண்ணு "பத்து மணிக்கு விட்டுடுவீங்களா?" அதையும் படிச்சேன். விட்டேன்.

ரெண்டாவது வாரம் புளியங்கொட்டை கொண்டு போனேன். ஆளுக்கு 60. ஒரு கொட்டை ஒரு தின் (கூடை) நெல்லு, இதான் உன் வருஷ வெள்ளாமைன்னேன். கணக்கு சுலபமா இருக்க ஒரு தின் 2 ரூபாய்னு வெச்சுக்கிட்டோம். செட்டியாருக்கு அசலும் வட்டியும் 50 ரூபாய், 25 கொட்டையை எடுத்து வெச்சாங்க. சர்க்காருக்கு வரி 10 ரூபாய், 5 கொட்டை. சாப்பாட்டுக்கு 25. மிச்சம் 5 விதைநெல்லு. "பரவால்ல சயாமா, பொழைச்சுக்கலாம்"னான் ஒருத்தன்.

அடுத்த வருஷம். அதே மழை, அதே 60. வெல மட்டும் 1 ரூபாய். நெசத்துலயும் 1930க்கப்புறம் பாதிக்கும் கீழதானே போச்சு. கடனுக்கு 50 கொட்டையை எண்ணி வெச்சாங்க. வரிக்கு 10. பாய் மேல ஒண்ணும் இல்ல. ஒரு சின்னப் பையன் பாயைத் தூக்கி அடியில பாத்தான். "சயாமா, சாப்பாட்டுக்குக் கொட்டை பத்தல, இன்னும் கொஞ்சம் குடுங்க"ன்னான். குடுத்தேன். "இது கடன். அடுத்த வருஷம் வட்டியோட"ன்னதும் வாங்கின கைய அப்படியே பின்னாடி இழுத்துக்கிட்டான்.

அப்ப கெளம்பிச்சு சண்டை. "வட்டியக் கொறைக்கலாம்ல?" "அவருக்கு யாரு கொறைப்பா? அவரும் ஊர்ல வாங்கித்தான் குடுத்தாருன்னு சயாமா சொன்னாங்கல்ல." (வியாசர்பாடி அண்ணன், உங்க தாத்தா கதையை அப்படியே படிச்சுக் காட்டினேன். செருப்பு விஷயத்தையும்.) "வரிய ஏன் கொறைக்கல? சர்க்காருக்கு என்ன கஷ்டம்?" அப்ப தராவடிக் கலகக் கதையச் சொன்னேன். சுவரோரப் பொண்ணு கடைசியாக் கேட்டா: "வெலையைக் கொறைச்சது யாரு?" அமெரிக்காவுல 1929ல பங்குச் சந்தை விழுந்ததுலேர்ந்து ஆரம்பிச்சேன். பெகுல உழுறவனுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்னு அதுங்களுக்கு நம்பவே முடியல. முழுசாப் புரிஞ்சிருக்காது. பரவால்ல.

ஒண்ணு மட்டும் எனக்கு முன்னமே தெரியாம அதுங்ககிட்ட மாட்டினேன். "நெலத்தை அடமானம் வெக்காமலே இருந்திருக்கலாம்ல, மொதல்ல யாரு வெக்க விட்டா?"ன்னான் 15 வயசுப் பையன். வீட்டுக்குப் போயித் தேடினேன். 1876 சட்டத்துல, 12 வருஷம் விடாம உழுது வரி கட்டினா நெலம் அவனுக்கே சொந்தம். சொந்தமானாத்தான் அடமானமும் வெக்க முடியும். காட்டை வெட்டினவனுக்குப் பட்டா குடுத்த அதே சட்டம்தான் கடனுக்கும் வாசல். 11 வருஷமா இந்தப் பாடத்தை எடுக்குறேன், இதை நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

தாம்வே தங்கச்சி, உங்க "யாரு நாம?"வை வீட்டுப் பாடமாக் குடுத்தேன். பூட்டன் பாட்டன் என்ன வேலையா வந்தாங்கன்னு வீட்டுல கேட்டுட்டு வரணும். 14 பேர்ல 9 பேர் வயக்காட்டுக் கூலி, இல்லாட்டி ரைஸ் மில்லு. ரெண்டு பேர் ரயில்வே. ஒருத்தர் பால் மாடு, ஒருத்தர் சலவை. ஒரு பையன் வீட்டுல யாருக்கும் தெரியல. செட்டியார் ஒருத்தர்கூட இல்ல.

சுவரோரப் பொண்ணு எழுதிட்டு வந்ததைப் பாத்து எழுத்துப் பிழைகூடத் திருத்தல நான். "எங்க பாட்டியோட அப்பா மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கி கப்பல் ஏறினார். அப்பறம் குத்தகை உளுதார். அவரும் செட்டியார்ட்ட கடன். மாடு போச்சு." இதைச் சொன்னது அவங்கம்மா. என்கிட்ட சண்டைக்கு வந்த அதே அம்மா. அவங்களுக்கே அவங்க அம்மாகிட்ட கேட்டாத்தான் தெரிஞ்சிருக்கு.

போன ஞாயித்துக்கெழம அவங்க வகுப்புக்கே வந்து தூண் பக்கம் உக்காந்துட்டாங்க. பேசல. கொட்டையை எண்ணுறப்ப மட்டும் பக்கத்துப் பையனுக்கு உதவி பண்ணினாங்க.

இப்ப அந்தப் பொண்ணோட புதுக் கேள்வி: "பாதிக்குப் பாதி வேற ஆளுங்ககிட்ட இருந்துச்சுன்னா, புக்குல ஏன் எங்க பேரு மட்டும் இருக்கு?" இதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அவ ஸ்கூல்ல கேக்கப் போறேங்கிறா. அது எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, அவங்க சயாமா எப்படி எடுத்துப்பாங்கன்னு. நான் சொல்லி அனுப்பினதா ஆயிடக் கூடாது. தாம்வே தங்கச்சி, நீங்க அந்தப் பக்கத்து டீச்சர்தானே, எப்படிக் கேட்டா அடி விழாது?

---

தாம்வே டீச்சர்:

"ஏன் போடல?"ன்னு கேக்க வேணாம்னு சொல்லுங்க, அது குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். பாடம் முடிஞ்சப்புறம், தனியா, கையக் கட்டிட்டு, "சயாமா, வேற யார்கிட்டயெல்லாம் நெலம் இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை"ன்னு கேக்கட்டும். நான் அந்த டீச்சரா இருந்தா அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடுவேன். எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். முகம் சுளிச்சா, அதோட விட்டுட்டு வந்து உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க.

---

ஓய்வு வாத்தியார், ரங்கூன்:

நோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என் மருமகன் பெகு வருகிறான், கொண்டு வருவான். பிள்ளைகள் கையில் கொடுங்கள், மடிக்க மட்டும் விடாதீர்கள். புளியங்கொட்டைக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் இரண்டாம் வருஷம் விதைநெல்லுக்கு என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லையா?

---

பெகு சயாமா:

கேக்கல ஐயா! நானும் யோசிக்கல. ஞாயித்துக்கெழம போர்டுல அதைத்தான் எழுதப் போறேன்.